மழை விட்டால் எழும் ரோடு

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தால் மற்ற தெருக்களில் பிள்ளைகள் வெளியே ஓடி வருவார்கள். மர மில் தெருவில் மட்டும் பெரியவர்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள்.

எல்லாம் அந்தச் சுவரால்தான்.

தெருமுனையில் பெரிய ரோடு போகிறது. முன்பெல்லாம் அது அம்பு விட்டதுபோல் நேராக மேற்கே போய் ஒரு பழைய பாலத்தில் ஏறும். அந்தப் பாலம் விரிசல் விட்டுவிட்டது. பக்கத்திலேயே புதுப் பாலம் கட்டி, ரோட்டை இடது பக்கமாக வளைத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பழைய பாலத்துக்கு யாரும் போய்விடக் கூடாது என்று குறுக்கே ஒரு சுவர் எழுப்பினார்கள். சாம்பல் நிறச் சுவர். அதற்கு வெள்ளை அடிக்கக்கூட ஆள் வரவில்லை. சுவருக்குப் பின்னால் பழைய ரோடு புல் முளைத்துக் கிடந்தது. அதற்குச் செத்த ரோடு என்று பேர் வந்துவிட்டது.

முதலில் ஒரு காய்கறி வேன் அந்தச் சுவரில் மோதியது. அடுத்து முட்டைக்காரர். மொபெட்டின் பின்னால் முட்டைத் தட்டுகளை அடுக்கிக் கட்டிக்கொண்டு வருவார். விரிசல் விட்ட முட்டைகளைப் பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பார். அன்று அவர் வீடு போய்ச் சேரவில்லை. அப்புறம் ஆட்டோ மாமா. அவர் பிழைத்துக்கொண்டார். வலது கால் முறிந்தது.

மூன்றும் மழை விட்ட சாயங்காலங்களில், பொழுது இறங்கும் நேரத்தில் நடந்தவை. வெயில் காய்ந்த நாளில் அந்தச் சுவரில் ஒரு சைக்கிள்கூட இடித்ததில்லை.

"சுவருக்கு உள்ளேயிருந்து யாரோ கூப்பிடுறாங்க" என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பேச்சைக் குருவியால் விட முடியவில்லை. குருவி என்பது அவளுடைய வீட்டுப் பேர். கொறிப்பது கொஞ்சம், கத்துவது நிறைய என்பதால் அம்மா வைத்தது. வயது பத்து. அவளுக்கு ஒரு தம்பி, சுண்டு. அவன் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்பான்.

அடுத்த வீட்டில்தான் ஆட்டோ மாமா இருந்தார். மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு ஸ்டூலின் மேல் நீட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்குள் போக அவருக்குப் பயம். உள்ளே அத்தை இருந்தாள்.

"மாமா, நெஜமா என்னதான் ஆச்சு?" என்று குருவி கேட்டாள்.

"எத்தனை தடவைம்மா சொல்றது? ரோடு நேராப் போச்சு. நானும் நேராப் போனேன்."

"ரோடு வளையுதே மாமா?"

"எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா ஓட்டுறவன். அன்னிக்கு அது வளையல. கோடு கோடா, பளபளன்னு நேராப் போச்சு. சுவத்துக்குள்ள போச்சு. அங்க சுவரே இல்ல, குருவி."

குருவி இன்னும் பக்கத்தில் நகர்ந்தாள்.

உள்ளே பாத்திரம் உருண்டது. விபத்துக்குப் பிறகு அத்தை மாமாவிடம் நேராகப் பேசுவதில்லை. கதவிடம் பேசுவாள், அடுப்பிடம் பேசுவாள்.

"கேட்டுக்கோ கதவே!" என்றாள் அத்தை. "இன்னும் ரெண்டு கிளாஸ் ஊத்தியிருந்தா ரோடு வானத்துக்கே ஏறியிருக்கும்!"

"நான் குடிக்கலடி!"

"கதவே, குடிகாரன் என்னிக்காவது குடிச்சேன்னு சொல்லியிருக்கானா?"

டீ டம்ளரை மாமாவுக்குப் பக்கத்தில் தரையில் 'ணங்' என்று வைத்துவிட்டு அத்தை போய்விட்டாள். பாதி டீ தரையில். மாமா மீதியை எடுத்துக் குடித்தார். தெருவே அப்படித்தான் நினைத்தது. குடித்தவன் இடித்தான். செத்த முட்டைக்காரரையும் அப்படித்தான் பேசினார்கள். அவர் வாயைத் திறந்து மறுக்கவா போகிறார்?

குருவியின் அம்மாவுக்கு ரோட்டில் கோடு போடும் வேலை. வெள்ளைக் கலவையைக் கொதிக்கக் கொதிக்க உருக்கி, வண்டியில் ஊற்றித் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அம்மாவின் முன்கையில் சூடு பட்ட தழும்புகள் சோளப்பொரி தெறித்ததுபோல் இருக்கும். தலைமுடியில் எப்போதும் இரண்டு வெள்ளைப் பொட்டு. நகத்துக்குள் கறுப்பு. மிச்சமாகும் பெயிண்டை அவள் வீணாக்க மாட்டாள். வீட்டுக் குளியலறையின் தகரக் கதவுக்குக் கறுப்பு அடித்தது அப்படித்தான்.

"அம்மா, ரோடு எழுந்து வேற பக்கம் போகுமா?" என்று குருவி கேட்டாள்.

"ரோடுன்னா கல்லும் தாரும். போட்ட எடத்துல கெடக்கும். அதுல நாள் பூரா முட்டி தேயுறவ நான் சொல்றேன். வாயை மூடிட்டு சாப்பிடு."

"வாயை மூடிட்டு எப்படிம்மா சாப்பிடுறது?" என்றான் சுண்டு. இரண்டாம் தடவையும் கேட்டான்.

சில நாள் கழித்து, பள்ளி விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. குருவியும் சுண்டுவும் மர மில் கொட்டகைக்குள் ஓடினார்கள். ரோடு வளைவதற்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது அந்த மில்.

மில்லில் ரம்பம் ஓட்டுகிறவரைத் தெருப் பிள்ளைகள் எல்லாரும் பெரியப்பா என்பார்கள். இரண்டு பேர் தூக்கும் கட்டையை ஒரே தோளில் தூக்குவார். ஆனால் பல்லி விழுந்தால் மேஜை மேல் ஏறிவிடுவார்.

அவர் ஒரு லாரியில் நீளமான மரங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். மரங்களின் நுனி லாரிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நுனியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார்.

"இது எதுக்குப் பெரியப்பா?" என்று சுண்டு கேட்டான்.

"பின்னால வர்றவன் முட்டிக்கக் கூடாதுல்ல? நீட்டின மரமும் சிவப்புத் துணியும் கண்ணுல பட்டா போதும். எவ்வளவு பெரிய டிரைவரா இருந்தாலும் கால் தன்னால பிரேக்குக்குப் போயிரும்."

"எதுக்குப் பெரியப்பா?"

"டேய், இப்பத்தானேடா சொன்னேன்!"

மழை விட்டது. ரம்பமும் நின்றது. அது நின்றதும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் ஓர் அமைதி. மேகத்துக்கு அடியிலிருந்து சூரியன் மஞ்சளாக வெளியே வந்தது. சரியாகச் சுவருக்கு மேலே.

"வீட்டுக்கு ஓடுங்க" என்றார் பெரியப்பா. அவருடைய குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "அந்தப் பக்கம் பாக்காம ஓடுங்க."

நடைபாதையில் போகும்போது சுண்டுவின் செருப்பு வார் கழன்றது. குருவி குந்தி உட்கார்ந்து அதை மாட்டினாள். மாட்டிவிட்டுத் தலையை நிமிர்த்தினாள்.

ரோடு மாறிப் போயிருந்தது.

இடது பக்கம் வளையும் ரோட்டைக் காணோம். அதன் வெள்ளைக் கோடு வெயிலில் கரைந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக வேறொரு ரோடு எழுந்து வந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளிக் கோடுகள். தண்ணீருக்குள்ளிருந்து மினுங்குவதுபோல் மினுங்கிக்கொண்டு, நேராக, நேராக, நேராகப் போயின. சுவர் இருந்த இடத்தில் வெறும் மஞ்சள் வெளிச்சம். அதற்குள்ளே போய்க்கொண்டே இருந்தது அந்த ரோடு.

வா என்று அது சொல்லவில்லை. வருவாய் என்று தெரிந்ததுபோல் கிடந்தது.

குருவி விருட்டென்று எழுந்தாள். ரோடு போய்விட்டது! பழைய வளைவு. பழைய சுவர். சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி குந்தினாள். மறுபடி வந்தது.

"சுண்டு, இங்க குந்து."

சுண்டு குந்தினான். அவன் வாய் திறந்தது. "அக்கா, அங்க இன்னொரு ரோடு இருக்கு." அவன் அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

அப்புறம் இரண்டு பேரும் ஓடிய ஓட்டத்தில் செருப்பு வார் மறுபடி கழன்றதுகூட யாருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கிய பிறகுதான் குருவிக்கு யோசனை வந்தது. குந்தினால் தெரிகிறது, எழுந்தால் தெரியவில்லை. பேய் குட்டையானவர்களிடம் மட்டுமா வேலையைக் காட்டும்? உயரம் பார்த்துப் பிடிக்கிற பேயை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

பள்ளி விடுமுறை நாள் வந்தது. நல்ல வெயில். குருவி மில்லுக்குப் போனாள்.

"பெரியப்பா, சுவர்கிட்ட போய்ப் பாக்கணும். துணைக்கு வாங்க."

"நானா? எனக்கு மரம் அறுக்கணும்."

"கரண்ட் இல்லையே, பெரியப்பா."

பெரியப்பா வந்தார். பாதி வழி வரைக்கும் வந்தார். அங்கே நின்றுகொண்டு சத்தமாகப் பாட ஆரம்பித்தார். பயம் வந்தால் அவர் பாடுவார். அந்தப் பாட்டைக் கேட்டால் பேயே ஓடிவிடும் என்று மில்லில் சொல்வார்கள்.

புது ரோட்டின் ஓரத்துக் கல்லைத் தாண்டி, வண்டி வராத பழைய துண்டு ரோடு சுவர்வரை கொஞ்சம் மிச்சம் இருந்தது. குருவி அதில் போய் நின்றாள். தரையின் இடுக்குகளில் முட்டை ஓட்டுத் துண்டுகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றை மிதிக்காமல் சுற்றிப் போனாள்.

வெள்ளிக் கோடு எங்கும் இல்லை. எல்லாம் ஒரே கறுப்பு. அவள் தரையைத் தடவிப் பார்த்தாள். தார் சொரசொரவென்று இருந்தது. கை நகர்ந்துகொண்டே போனபோது ஓர் இடத்தில் வழுக்கியது. தட்டைத் துடைத்து வைத்ததுபோல் வழவழப்பு. நீளமாக, பட்டையாக. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கு அப்பால் இன்னொன்று. சுவர்வரை.

ஒரு கல்லால் சுரண்டினாள். கறுப்பு உரிந்தது. அடியில் வெள்ளை.

"பெரியப்பா!" என்று கத்தினாள். "செத்த ரோட்டோட எலும்பு!"

பாட்டு நின்றது. பெரியப்பா மில்லுக்குள் இருந்தார். எப்போது போனார் என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் சுண்டு குளித்துக்கொண்டே தண்ணீரை வாரி இறைத்தான். திறந்து கிடந்த தகரக் கதவு முழுக்க நனைந்தது. பின்பக்க ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் உள்ளே சாய்ந்தது. குருவி கதவைப் பார்த்தாள். கறுப்புக் கதவு கறுப்பாக இல்லை. கண் கூசும் வெள்ளியாக இருந்தது.

குருவி துண்டை எடுத்துக் கதவைத் துடைத்தாள். கறுப்பு. ஒரு கை தண்ணீரை அடித்தாள். வெள்ளி.

"அக்கா, நான் இன்னும் சோப்பு போடல!" என்று சுண்டு உள்ளேயிருந்து அலறினான்.

அம்மா வேலை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்ததும் குருவி கேட்டாள். "சுவர்கிட்ட இருந்த பழைய கோட்டை யாரும்மா அழிச்சது?"

"நாங்கதான். ஏன்?"

"எப்படி அழிச்சீங்க?"

"சுரண்டித்தான் எடுக்கணும். சுரண்டுற மெஷின் ரிப்பேர். சரி, கறுப்பு அடிச்சு மூடுங்கன்னு மேஸ்திரி சொன்னாரு. நான்தான் அடிச்சேன். உச்சி வெயில்ல எல்லாரும் நின்னு பாத்தோம். ஒரு பொட்டு தெரியல."

"மழையில பாத்தீங்களா?"

"மழையில எவ கோடு போடுவா? ஈரத்துல பெயிண்ட் ஒட்டாது. தூறல் விழுந்தாலே மூட்டை கட்டிக்கிட்டு வந்துருவோம்."

"அப்ப நீங்க போட்ட ரோட்டை மழையில நீங்க பாத்ததே இல்ல."

அம்மாவின் கை தட்டிலேயே நின்றது. குருவி குளியலறைக் கதவைப் பற்றிச் சொன்னாள். குந்தியதைச் சொன்னாள். வழுக்கிய பட்டையும் அந்தக் கதவுபோலத்தான் நனைந்தால் வெயிலில் மினுங்குகிறது என்றாள். அம்மா பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போய்க் கை கழுவினாள். தன் கதவின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

மறுநாள் அவள் மேஸ்திரியிடம் சொன்னாள். மேஸ்திரி மதியம் வேலைக்கு நடுவே போய்ப் பார்த்தார். வெயில் கொளுத்தியது. ரோடு காய்ந்து கிடந்தது.

"எங்க கோடு? கண்ணாடி போட்டுப் பாத்தாலும் தெரியலையே!" என்று சிரித்தாராம். "உன் பொண்ணு என்ன, பேய்க்கு எஞ்சினியரா? மெஷின் ரிப்பேர் ஆகி வரட்டும், அப்புறம் பாப்போம்."

அந்த வாரம் அம்மாவின் ஆட்களுக்கு வேறு ஊரில் வேலை. காலையில் வேனில் கிளம்பி, பொழுது சாயும்போது அதே பெரிய ரோடு வழியாகத்தான் திரும்புவார்கள். பின்னால் பெயிண்ட் டின்களோடு டின்களாக அம்மா உட்கார்ந்து வருவாள்.

ஒரு நாள் பள்ளி விட்டு வீட்டுக்கு வந்த பிறகு மழை கொட்டியது. குருவி வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். ஆட்டோ மாமா தன் செல்போனை நீட்டினார்.

"உங்கம்மாதான் பேசுறா. மழை வருதான்னு கேக்குறா. துணி காயுதாம்."

"அம்மா, அங்க மழையா?"

"இங்க சொட்டு மழை இல்ல குருவி. வேலை முடிஞ்சுது. கெளம்பியாச்சு. கொடியில இருக்கிற துணியை எடு..."

"அம்மா, வேனை அந்த..."

லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். டின்கள் குதிக்கிற சத்தத்தில் அம்மாவுக்கு எங்கே கேட்கப் போகிறது?

மழை சட்டென்று நின்றது. மேகத்துக்கு அடியில் மஞ்சள் வெளிச்சம் கசிந்தது. தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. டப். டப். டப்.

"மாமா, சுண்டுவைப் பிடிச்சு வச்சுக்கோங்க. விடாதீங்க."

"நீ எங்க போற? ஏய், குருவி!"

குருவி மில்லுக்கு ஓடினாள். பெரியப்பா கேட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, இருக்கிறதுலயே நீளமான ரீப்பர் கட்டை வேணும். ஒரு சிவப்புத் துணியும் வேணும்."

"இந்த நேரத்துலயா? எதுக்கு?"

"எங்கம்மா வேன் வருது. ரோடு எழுந்துருச்சு."

பெரியப்பாவின் முகம் மரத்தூள் நிறமானது. ஆனாலும் அடுக்கிலிருந்து நீளமான ரீப்பரை உருவினார். குருவி அதன் நுனியில் சிவப்புத் துணியை இறுக்கி முடிந்தாள்.

"நாம ரோட்டுல எறங்கக் கூடாது" என்றாள். "கேட்டுக்கு உள்ள நின்னுக்கிட்டே ரோட்டுக்குக் குறுக்கா நீட்டணும். டிரைவர் மூஞ்சி உயரத்துக்கு."

"நான் அந்தச் சுவத்தைப் பாக்க மாட்டேன்."

"பாக்க வேணாம். முதுகைக் காட்டிட்டுப் பிடிங்க."

பெரியப்பா சுவருக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி, கட்டையைத் தோளில் வைத்து நீட்டினார். பாடவும் ஆரம்பித்தார். குருவி கேட் ஓரம் குந்திப் பார்த்தாள்.

அது வந்திருந்தது. முன்பைவிடப் பளிச்சென்று. வெள்ளிக் கோடுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சுவருக்குள் ஓடின.

ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. சிவப்புத் துணியைக் கண்டதும் கிறீச்சென்று நின்றது. "அறிவிருக்கா?" என்று அந்த ஆள் திட்டினார். பெரியப்பா கண்ணைத் திறக்காமலே, "இருக்கு தம்பி, மெதுவாப் போங்க" என்றார். கட்டையைத் தூக்கி வழி விட்டார். மோட்டார் சைக்கிள் ஊர்ந்து போய் வளைவில் திரும்பியது.

அடுத்து டின்கள் குலுங்கும் சத்தம். குருவிக்கு அந்தச் சத்தம் தெரியும். தினமும் அம்மாவைக் கொண்டு வருகிற சத்தம்.

"பெரியப்பா, இறக்குங்க! இறக்குங்க!"

கட்டை இறங்கியது. வேன் வேகமாக வந்தது. முன் கண்ணாடி முழுக்க மஞ்சள் வெளிச்சம். உள்ளே டிரைவரின் முகமே தெரியவில்லை.

பிரேக் அலறியது. பின்னால் டின்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டன. சிவப்புத் துணிக்கு ஒரு முழம் முன்னால் வேன் நின்றது.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். கோபத்தில் அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"ஏய்! நேராப் போற ரோட்டுல என்னத்தைக் குறுக்கால நீட்டுறீங்க?"

பெரியப்பாவின் பாட்டு நின்றது.

"அண்ணே" என்றாள் குருவி. "ரோடு நேராப் போகல."

"என்ன போகல? தெரியுதே, அங்க..." டிரைவர் கையை நீட்டினார். கை நீட்டியபடியே நின்றது. அவர் கீழே இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். கண்ணைக் கசக்கினார். தூங்கி எழுந்தவர்போல் ஓரமாக நடந்து போய்ச் சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தார்.

"இங்க சுவர் இருக்கு" என்றார், சின்னப் பிள்ளைபோல்.

மேஸ்திரி முன்சீட்டிலிருந்து இறங்கினார். "யாரு இது? பேய் எஞ்சினியரா? விளையாடுற எடமா இது?"

"மேஸ்திரி, குந்திப் பாருங்க."

"குந்தினாத்தான் உன் பேய் தெரியுமோ?"

"டிரைவருங்க எல்லாம் தூரத்துலேருந்து உக்காந்துதானே பாத்துட்டு வர்றாங்க?" என்றாள் குருவி. "நீங்க நின்னுக்கிட்டு, வெயில்ல பாத்தீங்க."

மேஸ்திரி வாயைத் திறந்தார். அதற்குள் வேனின் பின்னாலிருந்து அம்மா குதித்து வந்தாள். நெற்றியில் டின் இடித்துப் புடைத்திருந்தது. வந்தவள் நேராக நடைபாதையில் குருவிக்குப் பக்கத்தில் குந்தினாள்.

அம்மா பார்த்தாள். வெள்ளிக் கோடுகளின் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"இது என் கை அடிச்சது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்புறம் திரும்பினாள். "உக்காருங்க, மேஸ்திரி."

அந்தக் குரலைக் கேட்டதும் மேஸ்திரி உட்கார்ந்தார்.

சூரியன் சுவருக்குப் பின்னால் இறங்க இறங்க, கோடுகள் தூரத்திலிருந்து ஒவ்வொன்றாக அணைந்து வந்தன. கடைசிக் கோடு அவர்களுடைய காலடிக்குப் பக்கத்தில் அணைந்தது. அதன் பிறகு அங்கே இருந்தது வெறும் ஈர ரோடு.

மேஸ்திரி எழுந்து ரோட்டில் தடுப்பாக வைக்க வேனிலிருந்த கூம்புகளை எல்லாம் இறக்கினார். சுவருக்கு முன்னால் தானே வரிசையாக வைத்தார். பெரியப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி கட்டினார்.

இத்தனை நாளாக ஆகாத மெஷின் ரிப்பேர் மறுநாளே ஆகிவிட்டது.

அம்மாதான் மெஷினைத் தள்ளினாள். வேறு யாரையும் தொட விடவில்லை. மெஷினின் பற்களுக்கு அடியில் கறுப்பு உரிந்தது, வெள்ளை உரிந்தது, தூளாகப் பறந்தது. சுவருக்கு மஞ்சளும் கறுப்பும் மாறி மாறிப் பட்டை அடித்தார்கள். முட்டை ஓட்டுத் துண்டுகளை அம்மா தனியாகப் பொறுக்கி ஒரு காகிதத்தில் மடித்தாள்.

அன்று வேலை முடிந்து அவள் நேராக வீட்டுக்கு வரவில்லை. முட்டைக்காரர் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரும்போது முகம் வாடிப்போயிருந்தது. அங்கே என்ன பேசினாள் என்று குருவி கேட்கவில்லை. சுண்டுகூட ஒரு தடவையும் கேட்கவில்லை.

அடுத்த மழை ஒரு சாயங்காலம் வந்தது. விட்டது. சூரியன் மஞ்சளாக எட்டிப் பார்த்தது. தெருவில் கதவுகள் பாதி சாத்தி, பாதி திறந்து நின்றன.

ஆட்டோ மாமா கட்டையை ஊன்றிக்கொண்டு தெருமுனைவரை நொண்டி வந்தார். குருவியும் சுண்டுவும் கூட வந்தார்கள்.

"என்னால குந்த முடியாது" என்றார் மாமா. அவர் சுவர் இருந்த பக்கம் பார்க்காமல் தன் காலின் மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பாத்துச் சொல்லு."

குருவி நடைபாதையில் குந்தினாள். தலையை நிமிர்த்தினாள். ரோடு ஈரத்தில் மினுங்கியது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"என்ன குருவி? எங்க போகுது?"

"வளையுது மாமா. ஒழுங்கா வளையுது."

"இன்னொரு தடவை சொல்லு. சத்தமா. உங்க அத்தை காதுல விழணும்."

"ரோடு வளையுது மாமா! அன்னிக்குத்தான் நேராப் போச்சு!"

"விழுந்துச்சு, விழுந்துச்சு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தை டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். அங்கே கதவு எதுவும் இல்லை, அடுப்பும் இல்லை.

"ஆறிப் போகுது, குடிங்க" என்று மாமாவைப் பார்த்தே சொன்னாள். டம்ளரைத் தரையில் வைக்கவில்லை. அவர் கையில் கொடுத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.